உடுக்கையை வயரில் கட்டுவது எப்படி

எங்கள் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு தொடங்கிவிட்டால் எல்லோரும் நடுவில் உட்கார்ந்து பாடுகிறவரைப் பார்ப்பார்கள். நான் உடுக்கைக்காரரின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வலது கை விரல்கள் தோலில் தட்டும். அது எல்லோருக்கும் தெரிகிற வேலை. இடது கை உடுக்கையின் இடுப்பைப் பிடித்திருக்கும். தட்டிய மறுகணம் அந்தக் கை கயிற்றை அழுத்தும், தோல் இறுகும், 'தும்' என்று விழுந்த சத்தம் 'ம்ம்' என்று மேலே ஏறும். சத்தத்தை எழுப்புவது ஒரு கை, அதைப் பேச வைப்பது இன்னொரு கை.

மாடுலர் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிக்குப் புதிதாக வருகிறவர்கள் "இதில் என்னென்ன சத்தம் வரும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சத்தம் எழுப்பும் பகுதி அதில் சின்னது. மிச்சமெல்லாம் கை வேலை: எப்போது தட்டுவது, எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது. பேட்ச் போடுவது என்றால் அந்தக் கைகளை வயரால் செய்து கொடுப்பது. பாளையங்கோட்டையில் ஒரு மைக் செட் கடையில் வயரும் ஜாக்குமாக வளர்ந்தவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் சீக்கிரம் பிடிபட்டது. ஆனால் உடுக்கையைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் பாதி ஏற்கெனவே தெரியும் என்றே நினைக்கிறேன்.

கல்யாண வீட்டு இசைக்குழுவில் பார்க்கிற கீபோர்டில் எந்தப் பகுதி எதோடு பேச வேண்டும் என்பதைக் கம்பெனியே உள்ளே முடிவு செய்து மூடிவிடும். மாடுலரில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிப் பலகை. முகப்பில் திருகுகள், ஜாக் துளைகள். வயர் மாட்டாதவரை பெரும்பாலும் மௌனம். அமெரிக்காவில் 1964இல் ராபர்ட் மூக், ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து இப்படி ஒரு கருவியைச் செய்தார். அதே காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவில் டான் புக்லா வேறு வழியில் போனார். பியானோ கட்டைகளே வேண்டாம் என்பது அவர் கட்சி. இணைக்கிற வயருக்கு 'பேட்ச் கார்டு' என்ற பெயர் அதற்கும் முன்னால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்து வந்தது. நம் நாட்டுக்கும் இது ரொம்பப் பழைய விருந்தாளி. 1969இல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் மாடுலரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்ற இசைக்கலைஞர்கள் அதில் வேலை செய்திருக்கிறார்கள்.

இன்று அதிகம் புழங்குவது யூரோராக். ஜெர்மனியின் டோப்ஃபர் கம்பெனி 1990களின் நடுவில் தொடங்கி வைத்த அளவு இது. பலகையின் உயரம் 128.5 மில்லிமீட்டர், ஜாக் 3.5 மில்லிமீட்டர். செல்போன் ஹெட்போனின் பின் அதே தடிமன்தான், ஆனால் இது மோனோ. காசு இல்லாமல் பழக வேண்டுமானால் 2017இல் வந்த விசிவி ராக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நான் பழகியது அதில்தான். லேப்டாப் திரையில் வயரை இழுத்து மாட்டலாம், எதுவும் புகையாது.

சரி, வயருக்குள் என்ன ஓடுகிறது? வோல்டேஜ் மட்டும்தான். ஆனால் அது மூன்று வேலை பார்க்கும். ஒன்று ஒலி: நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் தடவை, பிளஸ் 5 வோல்ட்டுக்கும் மைனஸ் 5 வோல்ட்டுக்கும் நடுவே ஆடுவது. இரண்டாவது கட்டளை: மெதுவாக ஏறி இறங்கி, இன்னொரு பலகையின் திருகை யாரோ கையால் திருப்புவதுபோலத் திருப்புவது. இதற்கு கன்ட்ரோல் வோல்டேஜ், சுருக்கமாக சிவி என்று பெயர். மூன்றாவது சைகை: 'இப்போது அடி' என்று சட்டென்று 5 வோல்ட்டோ அதற்கு மேலோ தாவுவது. சைகை ஒரு கணம் வந்து போனால் ட்ரிகர். விரல் அழுத்தியிருக்கும்வரை நின்றால் கேட். மூன்றுக்கும் வயர் ஒன்றேதான், ஜாக்கும் ஒன்றேதான். எதை எதில் சொருகினாலும் தடுக்க ஆள் கிடையாது. ஒலியைக் கட்டளையாகவும் கட்டளையை ஒலியாகவும் மாற்றி மாட்டலாம். மாடுலரின் சுவாரசியமும் தலைவலியும் அங்கேதான்.

சுருதிக்கு மட்டும் ஒரு கணக்கு உண்டு. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். ஒரு ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள் என்பதால் ஒரு தானத்துக்கு 1 வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 83 மில்லிவோல்ட். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எல்லோரும் போடுகிற முதல் பேட்ச் இது. சத்தம் எழுப்பும் ஆசிலேட்டரின் ஒலியை, அதில் ஒரு பகுதியை வடிகட்டும் ஃபில்டருக்கும், ஃபில்டரில் இருந்து விசிஏவுக்கும், அங்கிருந்து ஸ்பீக்கருக்கும் கொடுப்பது. விசிஏ என்பது மடைப் பலகை மாதிரி. எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு ஒலி போகும். அதைத் தூக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை என்வலப். கீபோர்டோ, சுரங்களைப் படிப்படியாகத் தானே ஓட்டும் சீக்வென்சரோ இரண்டு வயர் கொடுக்கும்: ஒன்று சுருதி வோல்டேஜ், அது ஆசிலேட்டருக்கு, இன்னொன்று கேட், அது என்வலப்புக்கு. கேட் வந்ததும் என்வலப் ஏறும், கொஞ்சம் இறங்கி நிற்கும், கேட் போனதும் அடங்கும். விசிஏவை மறந்துவிட்டு ஆசிலேட்டரை நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் பழுதான குழாய் ரேடியோபோல நிற்காமல் அலறும்.

இதில் ஒலி ஒரே நேர்கோட்டில் மூன்று வயரில் போய்விட்டது. மேற்கொண்டு போடுகிற வயர் எல்லாமே கைதான். அதைக் குடத்திலும் உடுக்கையிலும் வைத்துப் பார்ப்போம்.

வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவர் அதன் வாயில் மட்டையால் ஓங்கி அடிப்பார். 'தொம்' என்று அடிவயிற்றில் ஒரு சத்தம் வரும். அதற்கு வளைவான சைன் அலை ஒன்று போதும். ஆசிலேட்டரை 70 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். ஃபில்டர் வேண்டாம், நேராக விசிஏ. என்வலப்பில் ஏறும் நேரம் பூஜ்யம், நிற்கும் அளவும் பூஜ்யம், இறங்கும் நேரம் 300 மில்லி விநாடி. ட்ரிகர் கொடுத்தால் மழுங்கலாக ஒரு 'ம்' வரும். மட்டை பட்ட அடி அதில் இருக்காது. அடி என்பது முதல் கணத்தில் சுருதி மேலிருந்து தடாலென்று கீழே விழுவது. ஆகவே இரண்டாவது என்வலப் ஒன்று, இறங்கும் நேரம் 60 மில்லி விநாடி, அதே ட்ரிகரில் ஓடட்டும். அதை ஆசிலேட்டரின் சுருதி உள்ளீட்டில் மாட்டுங்கள்.

மாட்டியதும் 'டிக்' என்று எலி பல்லைக் கடித்ததுபோல ஒரு சத்தம் வரும், குடம் வராது. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். விசிவி ராக்கில் என்வலப்பின் உச்சம் 10 வோல்ட். ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்றால் 10 ஸ்தாயி மேலே. 70 ஹெர்ட்ஸ் பத்து தடவை இரட்டித்தால் 71,680 ஹெர்ட்ஸ். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். விழுகிற தூரத்தின் தொடக்கம் நம் காதுக்கு மேலேயே கழிந்துவிடுகிறது, மிச்சம் எட்டு ஸ்தாயியையும் அந்த 60 மில்லி விநாடிக்குள் விழுந்து முடிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஓர் அட்டென்யூவேட்டரைப் போட்டு அந்த 10 வோல்ட்டை 2 வோல்ட்டாகக் குறையுங்கள். இப்போது 280இல் தொடங்கி 70க்கு விழும். குடம் வந்துவிட்டது.

ஒன்றும் புதிதாகச் சத்தம் போடாத, வெறுமே குறைக்க மட்டும் தெரிந்த அந்தத் திருகுதான் பேட்சின் உயிர். இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு, அட்டென்யூவெர்ட்டர். நடுவில் நின்றால் பூஜ்யம். வலது பக்கம் திருப்பினால் வந்தது வந்தபடி, இடது பக்கம் திருப்பினால் தலைகீழ். இப்போது ஆசிலேட்டரின் அடிச்சுருதியை 250 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். சுருதிக்குப் போகும் என்வலப்பை 120 மில்லி விநாடிக்கு நீட்டுங்கள். அட்டென்யூவெர்ட்டரை நடுவைத் தாண்டி இடப்பக்கம், மைனஸ் 1 வோல்ட் வரும் அளவுக்குத் திருப்புங்கள். தட்டிய கணத்தில் சுருதி ஒரு ஸ்தாயி கீழே, 125இல் இருக்கும். என்வலப் தளரத் தளர 250க்கு ஏறும். 'தும்' என்று விழுந்து 'ம்ம்' என்று மேலே போகும். உடுக்கைக்காரரின் இடது கை அதுதான்! வயர் ஒன்றுகூட மாறவில்லை. முதல் தடவை இது வந்த இரவு, பத்து நிமிடம் அந்த ஒரே திருகை இடதும் வலதுமாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அழுத்தம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே மாதிரி இருந்தால் அரை நிமிடத்தில் பொம்மையாகிவிடும். உடுக்கைக்காரர் பாட்டின் வேகத்துக்கு ஏற்ப அழுத்துவார். அதற்காக சுருதிக்குப் போகும் என்வலப்பை இன்னொரு விசிஏ வழியாக விட்டு, அதை ஓர் எல்எஃப்ஓவால் மெதுவாகத் திறந்து மூடலாம். எல்எஃப்ஓ என்பது காதில் விழாத அளவுக்கு மெதுவாக ஆடும் ஆசிலேட்டர். விசிஏ ஒலிக்கு மட்டும் என்று நினைத்து ஒன்றே ஒன்று வாங்கி வைக்கிற தவறை எல்லோரும் செய்கிறார்கள். கட்டளைக்கும் மடை வேண்டும். நாலாவது ஆசிலேட்டர் வாங்குவதற்கு முன்னால் இரண்டாவது, மூன்றாவது விசிஏ வாங்குங்கள் என்பது என் கட்சி.

நெல்லையப்பர் கோயிலின் இசைத் தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இன்னொரு பேட்ச் உடனே புரியும். ஒரே கல்லில் பெரிய தூணும் அதைச் சுற்றிச் சிறு தூண்களும். கல் தானாகப் பாடாது, தட்டினால் தன் சுருதியில் ஒலித்து அடங்கும். ஃபில்டரையும் அப்படித் தட்டலாம். ரெசனன்ஸ் திருகை ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ஃபில்டர் தானாக ஊளையிடத் தொடங்கும். அதற்கு மயிரிழை முன்னால் நிறுத்தி, ஒலி போக வேண்டிய துளையில் ஒரு ட்ரிகரைக் கொடுங்கள். 'டிங்' என்று ஒலித்து அடங்கும். ஆசிலேட்டரும் வேண்டாம், என்வலப்பும் வேண்டாம். கட்ஆஃப் திருகு சுருதி, ரெசனன்ஸ் திருகு எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பது. புக்லா இதே குணத்தை வேறு வழியில் பிடித்தார். எல்இடி ஒன்றையும் வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் எல்டிஆர் ஒன்றையும் ஒரு கூட்டுக்குள் அடைத்து ஒலியை அதன் வழியே விட்டார். வெளிச்சம் அணைந்தாலும் எல்டிஆர் உடனே பழைய நிலைக்கு வராது. அந்தத் தாமதத்தில் சத்தம் மரத்தில் தட்டியதுபோல இயல்பாக அடங்கும். லோ பாஸ் கேட் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள்.

இனி ஒரு வோல்டேஜைப் பல இடத்துக்குக் கொடுப்பது. மேலே ஒரே ட்ரிகரை இரண்டு என்வலப்புக்குக் கொடுத்தோம் இல்லையா, அதற்கு மல்டிபிள் என்ற கிளைப்பலகை வேண்டும். பாடம் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் வாய்க்கால் உவமை சொல்வார்கள். நானும் விசிஏவை மடை என்றேன். ஆனால் இந்த இடத்தில் உவமை பொய் சொல்லும். தாமிரபரணியில் இருந்து கன்னடியன் கால்வாய்க்குத் தண்ணீர் எடுத்தால் கீழே பாளையன் கால்வாய்க்கு அவ்வளவு குறையும். வோல்டேஜ் அப்படிப் பங்கு பிரியாது. 5 வோல்ட்டை மூன்று இடத்துக்குக் கொடுத்தால் மூன்று இடத்திலும் 5 வோல்ட், கிட்டத்தட்ட.

அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் பலர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கொடுக்கிற பலகையின் உள்தடை 1 கிலோ ஓம், வாங்குகிறவற்றின் தடை தலா 100 கிலோ ஓம் என்று வையுங்கள். ஓர் ஆசிலேட்டரை மட்டும் மாட்டினால் 5 வோல்ட் 4.95 ஆக வந்து சேரும். இரண்டாவதையும் மாட்டினால் இரண்டுக்கும் 4.90. வித்தியாசம் ஏறக்குறைய 50 மில்லிவோல்ட். ஒரு சுரத்தானத்துக்கு 83 என்று பார்த்தோம். பாதிக்கும் மேல் விலகிவிட்டது! இரண்டாவது வயரைச் சொருகியதும் முதல் ஆசிலேட்டர் சுருதி விட்டுப் போனால் ஆசிலேட்டரைத் திட்டாதீர்கள். ட்ரிகருக்கும் கேட்டுக்கும் சாதாரண மல்டிபிள் போதும். சுருதிக்கு, உள்ளே ஐசி வைத்த பஃபர்டு மல்டிபிள் வேண்டும். அப்புறம், மல்டிபிளைத் திருப்பிப் போட்டு இரண்டு வெளியீட்டை ஒன்றாக்கக் கூடாது. சேர்க்க வேண்டுமானால் அதற்கு மிக்சர் இருக்கிறது.

சுருதி என்று வந்துவிட்டதால் நம் சங்கீதக்காரர்களின் கேள்வி: இதில் கமகம், அதாவது சுரத்தை அசைக்கிற அழகு, வருமா? வரும், வயரின் வரிசை தெரிந்தால். சீக்வென்சரோ, நாய்ஸ் என்ற இரைச்சலை, அந்தந்தக் கணத்து வோல்டேஜைப் பிடித்து நிறுத்தும் சாம்பிள் அண்ட் ஹோல்டில் கொடுத்து எடுத்த தாறுமாறான வோல்டேஜோ, எதையும் குவான்டைசர் என்ற பலகை பக்கத்தில் உள்ள சுரத்துக்குத் தள்ளி நிறுத்தும். மோகனம் வேண்டுமா, ச 0, ரி 0.167, க 0.333, ப 0.583, த 0.75 வோல்ட். இந்த ஐந்தை மட்டும் அனுமதித்தால் என்ன கொடுத்தாலும் மோகனத்துக்குள்தான் விழும். விழும், ஆனால் கட்டைக் கட்டையாக நிற்கும், ஹார்மோனியத்தைவிட மோசம். நழுவலுக்கு ஸ்லூ லிமிட்டர் என்று ஒன்று உண்டு. தாவுகிற வோல்டேஜை வழுக்கிக்கொண்டு போக வைப்பது. அதைக் குவான்டைசருக்கு முன்னால் மாட்டினால் வழுக்கலையும் குவான்டைசர் படியாக வெட்டிவிடும், மாடிப்படியில் ஓடி ஏறுவதுபோல ஒலிக்கும். பின்னால் மாட்டினால் ஜாரு கிடைக்கும். சுரத்தை நின்ற இடத்திலேயே ஆட்டும் கம்பிதத்துக்கு, நொடிக்கு ஐந்தாறு தடவை ஆடும் எல்எஃப்ஓ ஒன்றை விசிஏ வழியாக விட்டு, மெதுவாக ஏறும் என்வலப்பால் அந்த விசிஏவைத் திறந்து, குவான்டைசருக்குப் பிறகு மிக்சரில் கூட்டுங்கள். சுரம் நிலையாகத் தொடங்கி, நின்று, பிறகு அசையும். இதை வைத்துத் தோடி பாடிவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ராகத்துக்கு ராகம், சுரத்துக்குச் சுரம் அசைவு மாறும். அதற்கு வேண்டிய வயர் ஒரு வண்டி.

தாளத்துக்கு, கிளாக்கின் சீரான தட்டுகளை எண்ணி வகுத்துக் கொடுக்கும் கிளாக் டிவைடர். ஒரே கிளாக்கை மூன்றால் வகுத்துக் குடத்துக்கும் நாலால் வகுத்து உடுக்கைக்கும் கொடுத்தால் 12 தட்டுக்கு ஒருமுறை இரண்டும் ஒன்றாக விழும். ஐந்து படி சீக்வென்சரையும் எட்டுப் படி சீக்வென்சரையும் ஒரே கிளாக்கில் ஓடவிட்டால் பழைய இடத்துக்கு வர 40 தட்டு ஆகும். ரிங் மாடுலேட்டர் இரண்டு ஒலியைப் பெருக்கி, கூட்டலையும் கழித்தலையும் மட்டும் கொடுக்கும்: 440, 300 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 740, 140. மணிச் சத்தத்துக்கு நல்லது. இவையெல்லாம் கையில் வைத்துப் பார்த்தால் அரை மணியில் பிடிபடும்.

வெளியே கொண்டுபோகும்போதுதான் உண்மையான ஆபத்து. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கொடையில், வில்லுப்பாட்டு தொடங்கும் முன் ஆர்வக்கோளாறில் என் மாடுலர் பெட்டியின் வெளியீட்டை நேராக மைக் செட்டின் மிக்சரில், மைக் போகும் துளையில், சொருகிவிட்டேன். வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் ஒன்று 'பட்' என்றது. பிறகு பேசவே இல்லை. "ஏலே, என்னத்தலே சொருவுன?" என்று செட்டுக்கார அண்ணாச்சி ஓடி வந்தார். டயாஃப்ரத்துக்கு நான்தான் காசு கொடுத்தேன். மைக் கொடுப்பது மில்லிவோல்ட் கணக்கு. மிக்சரின் லைன் துளையே தொழில்முறை அளவில் உச்சத்துக்கு உச்சம் சுமார் 3.5 வோல்ட் எதிர்பார்க்கும். மாடுலர் கொடுப்பது 10. வெளியேறும் இடத்தில் அதற்கென்று உள்ள அவுட்புட் பலகை, குறைந்தது ஓர் அட்டென்யூவேட்டராவது கட்டாயம். 'உர்ர்' என்று இரைச்சல் கேட்டால் பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் எர்த் இரண்டு வழியாக ஓடுகிறதா என்று பாருங்கள். நடுவில் எர்த்தைப் பிரித்துவிடும் டிஐ பாக்ஸ் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

முகப்பு வயரைத் தப்பாக மாட்டினால் அநேகமாக ஒன்றும் ஆகாது, சத்தம்தான் விபரீதமாக வரும். பலகையின் பின்பக்கம் வேறு கதை. அங்கே பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் ரிப்பன் கேபிளில் வருகிறது. சிவப்புக் கோடு உள்ள ஓரம் மைனஸ் 12. திருப்பிச் சொருகினால் பலகை செத்துப்போகலாம். கரண்டை நிறுத்திவிட்டு, இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொருகுங்கள்.

விசிவி ராக்கில் பேட்சைச் சேமித்து வைக்கலாம். பெட்டியில் அது நடக்காது. வயரைப் பிடுங்கினால் போனதுதான். நான் போட்டோ எடுப்பதோடு, எந்தத் திருகு கடிகார முள்போல எத்தனை மணிக்கு நிற்கிறது என்று நோட்டில் எழுதுவேன்: 'உடுக்கை, அட்டென்யூவெர்ட்டர் பத்தரை மணி'. அதை அப்படியே மறுநாள் போட்டாலும் சுருதி கொஞ்சம் தள்ளியே நிற்கும். அனலாக் ஆசிலேட்டர் சூடேறும்வரை நகர்ந்துகொண்டே இருக்கும். சுவிட்சைப் போட்டு அரை மணி கழித்துத்தான் சுருதி சேர்க்க வேண்டும். சென்ற கொடையில் பெட்டியை ஆன் செய்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்குப் பின்னால் கணியான் கூத்துக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி, உச்ச மகுடத்தைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலால் தோலைச் சுண்டிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி தீயில் காட்டினார்.